பறக்கும் கோபுரத்துக்கு அஸ்திவாரம்

கம்பியில்லாத் தொடர்பு வாரியம் கடப்பாரைக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கடப்பாரை என்பது ஆளின் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று எங்கேயோ இருந்திருக்கும். குழி வெட்டுகிற இடத்தில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். அவர் வெட்டுவார், அவர் மனைவி மண் அள்ளிக் கொட்டுவாள். இரண்டு பேர் கூலியும் சேர்ந்ததுதான் அந்தப் பாக்கி.

அந்தப் பணம் வந்தால் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். மழைக்கு முன்னால் அடித்த காற்றில் கூரைத் தகரம் மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இப்போதைக்கு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் கீழே குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. அதே காற்றில்தான் வாரியத்தின் கோபுரமும் சாய்ந்தது. தகரம் போனதைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை. கோபுரம் போனதைப் பற்றி வாரியம் கூட்டம் மேல் கூட்டமாகப் போட்டது. ஊரில் ஒரு போனும் பேசாததால் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு ட்ரோன் வாங்கினார்கள். சிக்னல் பெட்டியை அதன் வயிற்றில் கட்டி மேலே ஏற்றி நிறுத்தினால் கோபுரம் செய்த வேலையை அது செய்யும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். சொன்னது உண்மைதான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. வாரியத்தின் விதிகளில் பறக்கிற சாமானுக்கு இடமே கிடையாது. கோபுரம் இருந்த இடத்துக்கு வந்தது கோபுரம் இல்லாமல் வேறு என்ன என்று வாரியத் தலைவர் கேட்டார். "கோபுரம், ஒன்று" என்று எழுதிக்கொண்டார்கள்.

கோபுரம் என்று எழுதியான பிறகு கோபுரத்துக்கு உண்டானதையெல்லாம் செய்தாக வேண்டும். வாரிய அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த திடலில் வேலி போட்டார்கள். 'கோபுரத்தின் மேல் ஏறாதீர்' என்று பலகை நட்டார்கள். பெயிண்ட் அடிக்க ஒருவரை வரச் சொன்னார்கள். அவர் ஏணியோடு வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஏணியோடு போய்விட்டார். மிச்சம் இருந்தது அஸ்திவாரம். அதற்குத்தான் கடப்பாரையைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சடிக்கு அஞ்சடி. ஆழம் ஆறடி," என்று மேற்பார்வையாளர் குச்சியால் தரையில் கோடு கிழித்தார்.

கடப்பாரை தலையைச் சொறிந்தார். "சார், இது பறக்குறதுதானே?"

"ஆமா."

"பறக்குறதுக்கு எதுக்கு சார் அஸ்திவாரம்?"

"விழாம இருக்கத்தான்."

"இல்ல சார், அது மேல நிக்கும், குழி கீழ இருக்கும்..."

"போன கோபுரம் ஏன் விழுந்துச்சு தெரியுமா உனக்கு? அஸ்திவாரம் ஆழம் பத்தல. விசாரணை பண்ணி எழுதியிருக்காங்க. அதே தப்பைத் திரும்பவும் பண்ணச் சொல்றியா?"

"ஐயோ, நான் சொல்லல சார்."

மேற்பார்வையாளர் போன பிறகு மனைவி கூடையைத் தரையில் தட்டினாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? அவங்களுக்குக் குழி வேணும், நமக்குக் கூரை வேணும். நடுவுல அது பறந்தா என்ன, நீந்தினா என்ன?"

வெட்டினார்கள். மூன்றடிக்குக் கீழே பாறை. கடப்பாரையின் கையும் பாறையும் ஒன்றையொன்று சோதித்துப் பார்த்து, கடைசியில் பாறை விட்டுக்கொடுத்தது. ஆறடி ஆனதும் மனைவி உள்ளே இறங்கி நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள். மண்ணைக் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு மேடாகக் குவித்து வைத்தார்கள்.

திறப்பு விழா அன்றைக்கு ஊரே திடலில் இருந்தது. எல்லார் கையிலும் போன். தலைவர் நாடாவை வெட்டினார். ட்ரோன் ஓட்டுகிற பெண் கையிலிருந்த கருவியைத் தட்ட, அந்தச் சாமான் வண்டுபோல் முனகிக்கொண்டு குழிக்கு நேர் மேலே எழும்பி, அந்தரத்தில் நின்றது. எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் கோடு கோடாக சிக்னல் வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். தலைவர் அது தனக்கென்று எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"நம்முடைய பழைய கோபுரம் நாற்பது வருஷம் ஒரே இடத்தில் நின்றது," என்றார் தலைவர். "நாற்பது வருஷத்தில் ஒரு அடி முன்னேறியதா? இல்லை. அந்தக் கோபுரத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் இந்த நாற்காலியில் பல வருஷமாக இருக்கிறேன். ஆனால் காலம் மாறுகிறது என்பதை நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு அதைப் பற்றி ஒரு குழு அமைக்க வேண்டும்..."

ட்ரோன் ஓட்டுகிற பெண் மேடை ஓரமாக வந்து நின்றாள். "சார், பேட்டரி அரை மணி நேரம்தான் வரும். இறக்கணும்."

"இரும்மா. பேசிட்டிருக்கேன்ல."

"இறக்கலைன்னா விழுந்துடும் சார்."

இறக்கினாள். எல்லார் போனிலும் கோடு மறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். தலைவர் மட்டும் ஒலிபெருக்கியில் இருந்ததால் அவர் பேச்சு நிற்கவில்லை.

சிக்கல் அங்கேதான் பிடித்தது. கோபுரத்தை இறக்குவதென்றால் இடிப்பு ஆணை வேண்டும். ஆணை கிடைக்க மூன்று வாரம் ஆகும். பேட்டரி அரை மணி நேரம்தான் நிற்கும். வாரியம் கூடிப் பேசி, தலைவர் இடிப்பு ஆணைகளில் முன்கூட்டியே கத்தை கத்தையாகக் கையெழுத்துப் போட்டு வைப்பது என்று முடிவு செய்தது. அதோடு விடவில்லை. இடித்த கோபுரம் திரும்ப எழும்பினால் அது புதுக் கோபுரம். புதுக் கோபுரத்தைத் திறக்காமல் உபயோகிக்கக் கூடாது. ஆகவே ட்ரோன் பேட்டரி மாற்றிக்கொண்டு மேலே போகும்போதெல்லாம் திறப்பு விழா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. தலைவர் பத்துத் தடவையும் வந்தார். நாடா வாங்கிக் கட்டுப்படியாகாமல் வெட்டிய நாடாவையே முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். அது குட்டையாகிக் குட்டையாகி, மூன்றாம் நாள் வேலியின் இரண்டு கம்பத்துக்கும் எட்டாமல், இரண்டு குமாஸ்தாக்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று பிடிக்க வேண்டியதாயிற்று.

கீழேயிருந்து ஒரு மின்சாரக் கம்பி கொடுத்துவிட்டால் ட்ரோன் இறங்கவே வேண்டாம், நாளெல்லாம் மேலேயே நிற்கும் என்று அந்தப் பெண் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தலைவர் அவளை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பேர்ப்பலகையைக் காட்டினார். "என்ன எழுதியிருக்கு? படி."

"கம்பியில்லாத் தொடர்பு வாரியம்."

"அப்புறம் கம்பிங்கிற?"

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஏறின உடனே பேச வேண்டியதைப் பேசிவிடுவார்கள். பெண் பார்க்கிற பேச்சு ஒரு ஏற்றத்தில் ஆரம்பித்து, அடுத்த ஏற்றத்தில் நிச்சயமாகி, அதற்கடுத்ததில் முறிந்தது. கடப்பாரையின் மைத்துனி தன் புருஷனைத் திட்ட ஆரம்பித்தால் ட்ரோன் இறங்குகிற சத்தம் கேட்டுத்தான் நிறுத்துவாள். "மீதியை அடுத்த கோபுரத்துல பேசிக்கிறேன்" என்பது ஊரில் வழக்கமான பேச்சாகிவிட்டது.

இதற்கிடையில் கடப்பாரை கூலி கேட்டுப் போனார். குழியை அளந்தால்தான் கூலி என்றார்கள். அளவையாளர் அளவு டேப்போடு திடலுக்கு வந்தார். வாரியத்தில் ஒரு பைசா கைநீட்டாத மனுஷர். ஒரு அங்குலம் கூட்டியும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாருக்கும் நடுக்கம்.

குழிக்குள் டேப்பை விட்டார். ஆறடி. கடப்பாரை மூச்சு விட்டார். அளவையாளர் டேப்பைச் சுருட்டாமல் நாலு பக்கமும் பார்த்தார்.

"கோபுரம் எங்க?"

"மேல இருக்கு சார்."

"அதோட அடி எங்க இருக்கு?"

"அடியும் மேலதான் சார் இருக்கு. அது பறக்குது."

அளவையாளர் விதியை மனப்பாடமாகச் சொன்னார். "அஸ்திவாரக் குழியின் ஆழம் என்பது, கோபுரத்தின் அடியிலிருந்து குழியின் அடிவரை உள்ள தூரம்." பிறகு ட்ரோன் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்தார். "எவ்வளவு உசரத்துல நிக்குது?"

"நாற்பது மீட்டர் சார்."

அவர் நாற்பதோடு ஆறடியைக் கூட்டினார். கூட்டிவிட்டுக் கடப்பாரையை மேலும் கீழும் பார்த்தார். "ஆறடி வெட்டச் சொன்னா நாப்பது மீட்டருக்கு மேல வெட்டி வெச்சிருக்கியேய்யா. யாரைக் கேட்டு வெட்டின?"

"சார், அது காத்து."

"காத்தா மண்ணான்னு பாக்குறது தரக்கட்டுப்பாட்டுக்காரர் வேலை. எனக்கு நீளம் மட்டும்தான்." அவர் மண் மேட்டைச் சுற்றி வந்தார். "இவ்வளவு பெரிய குழிக்கு இத்துனூண்டு மண்ணா? மீதி மண்ணு எங்க?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மீதிக் குழி எங்க இருக்கோ அங்கதான் சார் இருக்கும். வேணும்னா போய் அள்ளிக்கோங்க."

அளவையாளர் தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். என்ன எழுதினீர்கள் என்று கடப்பாரை கேட்டதற்கு மறைக்காமல் படித்துக் காட்டினார். "மண் இருக்கும் இடம் தங்களுக்குத் தெரியும் என்று இருவரும் ஒப்புக்கொண்டனர்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கேட்டாள், "என்ன சொன்னாரு கடைசியா?"

"கூலியை நிறுத்தி வெச்சிருக்காங்களாம். நாம திருடின மண்ணுக்கு முப்பத்தோராயிரத்து ஐநூறு கட்டணுமாம்."

"நாம அவங்களுக்கா?"

"ஆமா."

"நல்லா வெட்டினீங்க போங்க."

கட்டுவதற்கு இல்லை. அந்த வாரத்திலேயே வாரியத்தின் கீழ்த்தளத்திலிருந்து மீட்புப் பிரிவு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட இரண்டு ஆள். கடப்பாரையை, அதாவது இரும்புக் கடப்பாரையை, எடுத்தார்கள். மண்வெட்டி, இரண்டு கூடை எடுத்தார்கள். வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார்கள். அதிகாரி அண்ணாந்து பார்த்தார். தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.

"மழை வர்ற நேரம் சார்," என்றார் கடப்பாரை. "கடப்பாரையைக் கூடக் கொண்டு போங்க, இதை விட்டுடுங்க."

"இரக்கம் எனக்கும் இருக்குய்யா. வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் அதிகாரி. "ஆனா உன்னை மாதிரி ஆளுங்க முப்பதாயிரம், நாப்பதாயிரம்னு வாங்கிட்டுக் கட்டாம விட்டா நாடு என்னத்துக்கு ஆகும்? இந்தச் சில்லறைக் கடன்தான் நாட்டை அரிக்குது. பெரிய கடன்னா ஒரு இடத்துல இருக்கும், பாத்துக்கலாம். இது ஊரெல்லாம் சிதறிக் கிடக்கு. ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கு. எனக்கு மூட்டு வலி வேற."

தார்ப்பாய் போன பிறகு வீடு வெளிச்சமாக இருந்தது. மனைவி இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தாள். வானம் தெரிந்தது. வானத்தில் வாரியத்தின் கோபுரமும் தெரிந்தது.

மறுநாள் ஒரு குமாஸ்தா வந்து, இன்னொரு முப்பத்தோராயிரத்து ஐநூறு கட்டச் சொல்லி ஒரு கேட்புத் தாள் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கடுத்து இன்னொன்று. கடப்பாரைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், நேரம் பிடிக்கும். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு சேர்ந்துவிட்டது. திடலுக்கு ஓடினார். அங்கே அளவையாளர் குழியோரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது, திரும்பத் திரும்ப வருது?"

"ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அது புதுக் கோபுரம்தானே?" என்றார் அளவையாளர் பொறுமையாக. "புதுக் கோபுரம்னா அதுக்கு ஒரு அஸ்திவாரம். இன்னைக்குப் பத்துக் கோபுரம் எழும்பியிருக்கு. பத்துக் குழி. நான் பத்தையும் அளந்துட்டேன். எல்லாம் ஒரே அளவுல இருக்கு, அதைப் பாராட்டணும். கை சுத்தம் உனக்கு."

"நான் ஒரு குழிதான் சார் வெட்டினேன்."

"அப்படின்னா மீதி ஒம்பது கோபுரம் அஸ்திவாரம் இல்லாமலா நிக்குது? அதை நான் எழுதினா தலைவர் வேலை போயிடும்யா. ஒரு மனுஷன் வேலை போகணும்கிறியா?"

கடப்பாரைக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றியது. திரும்பி வந்துவிட்டார்.

கருவி இல்லாமல் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. பாயை விரித்துப் படுத்தபடி ட்ரோன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினால் முப்பத்தோராயிரத்து ஐநூறு. இறங்கினால் சும்மா. மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பாள், "ஏறியாச்சா?" "ஏறியாச்சு." "எவ்வளவு ஆச்சு?" அவர் சொல்வார். அவள் சிரிப்பாள். முதலில் வயிறு எரிந்து சிரித்தாள். பிறகு, அவ்வளவு பெரிய தொகையைத் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுவது வேடிக்கையாக இருந்ததால் நிஜமாகவே சிரித்தாள். மேகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தால் அவள் சிரிப்பு நின்றுவிடும்.

"போய்க் கேட்டுப் பாப்போம்," என்றாள் ஒரு காலை. "கருவியைக் கொடுங்க, வேலை செஞ்சு கொஞ்சம் கொஞ்சமா கட்டுறோம்னு சொல்லுவோம். காலில விழச் சொன்னாலும் விழுந்துடலாம். மழை வந்தா எங்க போய்ப் படுக்குறது?"

கீழ்த்தளத்தில் மீட்புப் பிரிவு அதிகாரி அவர்களைப் பார்த்ததும், "யோவ், வரிசையில நில்லு," என்றார். என்ன பாக்கி என்று பார்க்கத் தாளைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார், நீங்க இங்கெல்லாம் வரக் கூடாது," என்றார்.

கடப்பாரை பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"உங்களுக்குப் பதினெட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆயிடுச்சு சார். பத்து லட்சத்தைத் தாண்டினா மூணாவது மாடி. இங்க சின்னக் கடன்காரங்கதான் வருவாங்க, நாத்தம் பிடிச்ச இடம். வெயில்ல நடந்தா வந்தீங்க? சொல்லியிருந்தா ஜீப் அனுப்பியிருப்பேனே. அம்மா, நீங்களும் வாங்கம்மா. லிஃப்ட் இந்தப் பக்கம்."

மூன்றாவது மாடியில் கம்பளம் விரித்திருந்தது. கதவில் 'பெருங்கடனாளர் நலப் பிரிவு' என்று எழுதியிருந்தது. கடப்பாரை செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். ஒரு சேவகர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்து, போட்டுக்கொள்ளும்படி கெஞ்சினார். டீ வந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்தாள், அது உள்ளே வாங்கியது, பயந்து எழுந்தாள், மறுபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஏங்க, இது நல்லா இருக்கே," என்றாள் காதோடு. "முன்னாடியே நிறைய மண்ணு திருடியிருக்கலாம்."

எதிரில் கோட்டுப் போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடலுக்கடியில் கம்பி போடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் அவர். கம்பி போட்டாரா என்று யாரும் கடலுக்கடியில் போய்ப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எவ்வளவு?" என்று அன்பாகக் கேட்டார்.

"பதினெட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் சார்."

கோட்டுக்காரர் முகத்தில் பரிவு வந்தது. "ஆரம்பத்துல எனக்கும் அவ்வளவுதான் இருந்துச்சு. மனசு தளரக் கூடாது. எதுல?"

"குழியில சார்."

"யாருதான் குழியில இல்ல," என்று பெருமூச்சு விட்டார் அவர்.

தலைவர் உள்ளே வந்தார். ஒன்பதாவது திறப்பு விழாவுக்கும் பத்தாவதற்கும் நடுவில் கிடைத்த நேரம் அது. கடப்பாரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை காய்த்துப்போயிருந்ததால் கொஞ்சம் வலித்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை.

"கடப்பாரை சார், நீங்க கவலைப்படவே வேண்டாம்," என்றார் தலைவர். "உங்களைக் கைவிட்டா நாளைக்கு யாரு இந்த நாட்டுல தைரியமா குழி வெட்டுவாங்க? சின்னக் கடனை விட்டுக்கொடுத்தா ஜனங்களுக்குக் கெட்ட பழக்கம் வந்துடும். பெரிய கடனை விட்டுக்கொடுக்கலைன்னா எங்களுக்குக் கெட்ட பேரு வந்துடும். இவ்வளவு ஏறுற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. நாங்க என்ன பண்ணிட்டிருந்தோம்னு எங்களுக்கே தெரியாது. அதனால தள்ளுபடி பண்றதுதான் எல்லாருக்கும் மரியாதை."

"அப்ப எங்க கடப்பாரை, மண்வெட்டி...?"

"எல்லாம் திரும்ப வந்துடும். ஒரே ஒரு சம்பிரதாயம். ஏதாவது ஒரு தொகை கட்டுங்கன்னு நாங்க கேப்போம். எல்லாரும் முடியாதுன்னு சொல்லுவாங்க. சரின்னு தள்ளுபடி பண்ணிடுவோம். என்ன, கட்டுறீங்களா?"

கடப்பாரை முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓரத்தில் நின்ற கணக்கர் தொண்டையைக் கனைத்தார். "சார், இவர் பேர்ல நம்மகிட்ட ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பது நிக்குது. வேணும்னா அதை வரவு வெச்சுக்கலாம்."

தலைவர் கணக்கரைப் பார்த்தார். மூன்றாவது மாடியில் வரவு என்ற வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை.

"சார், அது எங்க கூலி," என்றார் கடப்பாரை. "கூரைக்கு வெச்சிருக்கோம்."

"கட்டாயம் இல்ல சார், நீங்க மறுக்கலாம்," என்றார் கணக்கர். "ஆனா பணம் இருந்தும் கட்டலைன்னா அது வேற பிரிவு. கீழ்த்தளம்."

கடப்பாரை மனைவியைப் பார்த்தார். குழி வெட்டும்போது பாறை வந்தால் இப்படித்தான் பார்ப்பார். அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே ஜன்னலில் மேகம் நின்றது. பாறையைத் தோண்டிய அத்தனை நாளையும் அவள் ஒரு தடவை மனதுக்குள் தோண்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

"கொடுத்துடுங்க," என்றாள். "கூலி போனா போகுது. கருவி கைக்கு வந்தா அடுத்த கூலிக்குப் போகலாம். இது இருந்து என்ன, வர்றதுக்குள்ள இன்னும் பத்துக் குழி நம்ம தலையில ஏறிடும்."

"சரி சார். எடுத்துக்கோங்க," என்றார் கடப்பாரை.

கணக்கர் கழித்தார். மீதி பதினெட்டு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாயைத் தலைவர் ஒரே கையெழுத்தில் தள்ளுபடி செய்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது மாடி திறந்த நாளிலிருந்து அங்கே வந்தவர்களில் காசு கட்டிய முதல் ஆள் கடப்பாரைதான். செய்தி படி வழியாக ஒவ்வொரு மாடியாக இறங்கியது. குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

கோட்டுக்காரர் மட்டும் முகம் வெளிறிப்போய் அவர் காதருகே வந்தார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? நாளைக்கு எங்களையும் கேப்பாங்களே."

அன்றைய பத்தாவது திறப்பு விழா கடப்பாரைக்குப் பாராட்டு விழாவாகவும் நடந்தது. அதற்குள் ஒரு பேனர் அடித்துக் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டு அகலம் இருக்கும். தலைவரும் கடப்பாரையும் கை குலுக்குகிற படம். தலைவர் முகம் முழுசாக, கடப்பாரை முகம் முக்கால்வாசி, மனைவியின் முழங்கை ஒன்று. 'வாங்கிய கடனைத் திருப்பிய மாமனிதர்' என்று கீழே கொட்டை எழுத்து. கருவிகளை மேடையிலேயே கொடுத்தார்கள். தார்ப்பாய் வரவில்லை. அது மேடைக்குப் பந்தலாகக் கட்டப்பட்டு வாரியத்தின் சொத்தாகிவிட்டது, அதன் கீழேதான் இப்போது எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம் என்று மீட்புப் பிரிவு அதிகாரி விளக்கினார்.

தலைவர் பேசினார். ட்ரோன் இறங்கியது. கூட்டம் கலைந்தது. காற்று ஈரமாக அடிக்க ஆரம்பித்தது.

மனைவி மேடையேறித் தலைவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, இந்த பேனர் இனிமே எதுக்கும் வேணுமா?"

"அடுத்த விழாவுக்கு வேற வந்துடும்மா. ஏன்?"

"வீட்டுல வெச்சுக்கலாம்னு."

தலைவர் நெகிழ்ந்துபோனார். தன் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரே ஒரு முனையை அவிழ்த்துக் கொடுத்தார். கயிற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். வீடு போய்ச் சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்தது. கடப்பாரை சுவர்மேல் ஏறினார். மனைவி கீழேயிருந்து முனையை நீட்டினாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இழுத்துப் பார்த்தார். எட்டியது. நாலு பக்கமும் ஒரு முழம் மிச்சமும் இருந்தது.

"படம் எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார்.

"உள்ளயா போட்டா படுத்துக்கிட்டு அந்த மூஞ்சியவே பாத்துட்டு இருக்கணும். வெளிய போடுங்க."

"என் மூஞ்சியும் அதுல இருக்கே."

"உங்களைத்தான் கீழ பாக்குறேனே, போதாதா?"

கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு அவர் இறங்கி உள்ளே வரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. தலைவர் முகத்தின்மேல் சடசடவென்று கொட்டியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. மனைவி ஒவ்வொரு மூலையாகப் போய்க் கையை விரித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கெட்டியான சரக்குதான். ரெண்டு மழைக்காலம் தாங்கும்," என்றாள். "தகரம் போட்டிருந்தா நமக்கு என்ன ஆயிருக்கும்?"

கடப்பாரை மனக்கணக்குப் போட்டார். "கயிறோட சேத்தா, ஆறாயிரத்து முந்நூறு, முந்நூத்தி நாப்பது ஆயிருக்கும்."

"அப்ப சரி," என்று அவள் பாயை விரித்தாள். "வாரியத்துக்கும் நமக்கும் கணக்குத் தீந்துச்சு."